கைப்பிடிக் கம்பியைக் காணோம்!

தொழிலாளிக்கும் தலை என்று ஒன்று உண்டு என்பதை முதலாளிக்கு நினைவூட்டிய மாண்புமிகு தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் சங்கத்தின் மூத்தோர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட கொத்தனார்களே! கம்பி வளைத்துக் கை காய்த்த தோழர்களே! பகலெல்லாம் செங்கல் சுமந்து, மாலையில் வீட்டுக்குப் போய் வீட்டையும் சுமக்கும் தாய்மார்களே! இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்து, உள்ளங்கைக் கொப்புளம் ஆறாததால் கைதட்டவும் முடியாமல் அமர்ந்திருக்கும் புதியவர்களே! பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே! அந்தச் சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை, சட்டையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கூட்டம் ஏன் தாமதமாகத் தொடங்கியது என்று சிலர் கேட்டீர்கள். காரணம் தலைவர்தான். மற்ற ஊர்த் தலைவர்களைப் போல அவர் தாமதமாக வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்தார். வந்தவர் மேடை ஏறவில்லை. மூலையில் நின்ற கம்பத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். கம்பம் ஆடியது. கம்பத்தோடு பந்தல் ஆடியது. பந்தலோடு பந்தல்காரரும் ஆடிப்போனார். மறுபடி கயிறு கட்டி, படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்து முடித்த பிறகுதான் நம் தலைவர் மேலே கால் வைத்தார். உலகத்தில் எத்தனையோ தலைவர்கள் மேடையைப் பேச்சால் அதிர வைத்திருக்கிறார்கள். மேடை அதிரக் கூடாது என்று பார்த்துக்கொண்ட தலைவரை நாம்தான் பெற்றிருக்கிறோம்!

தலைவர் எனக்கு அண்ணி. ஆகவே நான் அவரைக் குறைத்துப் புகழ்ந்தால் மேடை நாகரிகம் கெடும். கூட்டிப் புகழ்ந்தால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். “வேலையிடத்தில் ஆபத்து இருந்தால் புதிதாக வந்தவர் என்ன செய்ய வேண்டும்” என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைப் பற்றிப் பேசும் தகுதி அவருக்குத்தான் உண்டு. கேட்டதற்கு, “நடந்ததை நீயே சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன், கூட்டிக்குறைச்சுச் சொன்னா திருத்துறேன்” என்றார். எனவே, தோழர்களே, நீங்கள் கேட்கப்போவது தணிக்கை செய்யப்பட்ட உரை.

அண்ணி நம் தொழிலுக்கு வருமுன் ஒரு துணிக்கடையில் நின்றார். ‘நின்றார்’ என்பதைச் சொல் அலங்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உட்கார நாற்காலி கிடையாது. ஒதுங்கப் போவதற்கும் மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். இரவு கடை மூடும்போது ஒரு துண்டு குறைந்தாலும், அது கிடைக்கிற வரை ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு பொருள் இருந்த இடத்தில் இல்லை என்றால் உடனே சத்தம் போட வேண்டும். சத்தம் போடாதவரே எடுத்தவர். இது அந்தக் கடையின் சட்டம். அந்தச் சட்டத்தைக் கண்ணிலும் காதிலும் ஏற்றிக்கொண்டு, சித்தாள் வேலைக்காக எங்கள் கட்டடத்துக்கு வந்தார். அவருடைய கணவர், அதாவது என் அண்ணன், அங்கே கொத்தனார். நான் கம்பி கட்டுகிறவன்.

அவர் வந்த முதல் நாள் எப்படிப்பட்ட நாள் தெரியுமா? அரசுப் பாதுகாப்பு ஆய்வாளர் வரும் நாள்!

சிரிக்கிறீர்கள். பழைய ஆட்கள் சிரிக்கிறீர்கள். புதியவர்கள் விழிக்கிறீர்கள். விழிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்வாளர் வரும் நாளில் நம் கட்டடங்களுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சாரத்தைச் சுற்றி நீல வலை வரும். பலகை ஓரம் முழுவதும் கைப்பிடிக் கம்பி வரும். எல்லார் தலையிலும் மஞ்சள் தலைக்கவசம் வரும். இடுப்பில் பாதுகாப்பு வார் வரும். குடிதண்ணீர் வரும், தம்ளரும் சேர்ந்தே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை லாரியில் ஏறி வரும். அதற்குக் கதவு இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கும்! ஆய்வாளர் பார்ப்பார். மகிழ்வார். போவார். அவர் வண்டி தெருமுனை திரும்பி, ஆட்களும் வீட்டுக்குக் கிளம்பியதும், அத்தனையும் அதே லாரியில் ஏறி, அடுத்த ஆய்வு நடக்கப்போகும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். நம் முதலாளிக்குப் பல கட்டடங்கள், பாதுகாப்பு மட்டும் ஒன்றே ஒன்று. அது ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த ஊர்வலம் அண்ணிக்குத் தெரியாது. அவர் நினைத்தார், கட்டட வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று.

அன்று மாலை அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் என்னவென்று சொல்வேன்? கொண்டை உயரமாக இருந்ததால் தலைக்கவசம் சரியாக உட்காரவில்லையாம். உள்ளே துணி மடித்து வைத்துச் சரிசெய்தாராம். தாழ்ப்பாள் வழுக்கியதாம், துணிக்கடையில் மிஞ்சிய வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துண்டுத் துணியை அதில் இறுக்கிக் கட்டினாராம். “இத்தனை வருஷமா அந்தக் கடையில நின்னு காலைக் கெடுத்துக்கிட்டேனே, முன்னாடியே இங்க வந்திருக்கலாமே” என்று வருத்தம் வேறு. அண்ணன் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். பேச இடைவெளி கிடைக்கவில்லை. வாயைத் திறந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணி வந்து பார்க்கிறார். வலை எங்கே? காணோம். வார் எங்கே? காணோம். கைப்பிடிக் கம்பி எங்கே? காணோம். கழிப்பறை நின்ற இடத்தில் மண்ணில் நான்கு குழி மட்டும் இருந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பெருமூச்சு விட்டிருப்போம். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலே ஏறியிருப்போம். நமக்குப் பழக்கம் இருக்கிறது. அண்ணிக்குப் பழக்கம் இல்லை. அவர் நேராக வாட்ச்மேனிடம் போனார்.

“அண்ணே, ராத்திரி நல்லாத் தூங்கிட்டீங்களா? மொத்தமாத் தூக்கிட்டுப் போயிருக்கானுங்க.”

தூங்கவே இல்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார்.

“கக்கூசையே தூக்கிட்டுப் போயிருக்கான், உங்களுக்குச் சத்தம் கேக்கலையா?”

அந்த மனிதரின் நிலைமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தூங்கினேன் என்றால் வேலை போகும். தூங்கவில்லை, நான்தான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன் என்றாலும் வேலை போகும். அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கைகாட்டினார்.

மேஸ்திரி, “இந்தாம்மா, வந்தமா வேலையைப் பார்த்தமான்னு இரு” என்றார். பொருள் காணாமல் போன இடத்தில் வேலை பார்த்தால் நாளைக்குத் தன்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்றார் அண்ணி. அதற்குள் நான்காம் மாடி வெளிச்சுவர் பூச்சுக்கு அண்ணன் புறப்பட்டுவிட்டார். அவர் நிற்க வேண்டிய பலகையைப் பாருங்கள்: அகலம் இரண்டு அடி, ஓரத்தில் கம்பி இல்லை, கீழே வலை இல்லை. நேராகக் கீழே அண்ணி கலவை போட வேண்டிய இடம். மேலே கணவர், கீழே மனைவி, நடுவில் காற்று. ஏறவில்லை என்றால் இருவருக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை. அவர்களுக்கு வேறு வருமானமும் இல்லை.

அண்ணி ஏணியை மறித்து நின்றார். அங்கே அவர் சொன்ன வாசகத்தைக் கல்லில் வெட்டி வைக்கலாம். கல் வெட்டுகிறவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

“ஏங்க, ஏறாதீங்க. திருட்டு நடந்த இடத்துல எதையும் தொடக் கூடாது. தடயம் அழிஞ்சுடும்.”

அண்ணன் அவரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சட்டத்தின் மீது அன்று எங்களுக்குப் பொங்கி எழுந்த மரியாதையை எந்த வார்த்தையில் சொல்வேன்! தட்டு மண்வெட்டியைத் தொட மறுத்தோம். சிமெண்ட் மூட்டையைத் தொட மறுத்தோம். எங்கள் விரல் ரேகை எதிலும் விழாதபடி நிழலில் போய் அமர்ந்தோம். ‘வேலைநிறுத்தமா பண்றீங்க’ என்று மேஸ்திரி உறுமினார். இல்லை ஐயா, இல்லை! அந்தப் பெரிய வார்த்தை எங்களுக்கு எதற்கு? நாங்கள் தடயத்தைப் பாதுகாத்தோம்!

கைதட்டலுக்கு நன்றி. புதியவர்கள் மெதுவாகத் தட்டுங்கள், கொப்புளம் உடைந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்திவைக்க உங்கள் அனுமதியைக் கோருகிறேன். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது காற்று கொஞ்சம் வேகமாக வீசியது. முதல் நாள் இரவு கைப்பிடிக் கம்பியை அவசரமாகக் கழற்றியவர்கள், பலகையைப் பிடித்திருந்த கட்டையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறார்கள். நான்காம் மாடிப் பலகை ஒரு பக்கம் நகர்ந்தது. பிறகு வழுக்கியது. மேலே இருந்த சாந்துச் சட்டியோடு கீழே வந்து, அண்ணியின் மணல் குவியலில் செங்குத்தாகக் குத்தி நின்றது.

அண்ணன் எழுந்து போனார். பலகையைப் பார்த்தார். மேலே பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து அண்ணியின் தலைமேல் கையை வைத்தார், அந்தத் தலைக்கவசம் இருக்க வேண்டிய இடத்தில். எல்லோருக்கும் முன்னால் அண்ணியின் தலையில் அவர் கை வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

தலைவர் ‘மேலே சொல்லு’ என்று சைகை காட்டுகிறார். சொல்கிறேன் அண்ணி.

வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. புகார் இருந்தால் ஆய்வாளரை அழைக்கலாம் என்று அதில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணை அதுவரை ஒருவரும் அழைத்ததில்லை; சட்டம் எழுதச் சொன்னது, எழுதினார்கள். அண்ணி அழைத்தார். மேஸ்திரி ஓடி வந்து, “அம்மா, அம்மா, வச்சிடும்மா, பேசித் தீர்த்துக்கலாம்” என்று கெஞ்சினார். அண்ணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“சார், நேத்து நீங்க வந்து பார்த்தீங்களே, அந்தக் கம்பி, வலை, எல்லாம் ராத்திரியே திருட்டுப் போயிடுச்சு. ஆமா சார், கக்கூசும்தான். அடையாளமா? சொல்றேன் சார். தாழ்ப்பாள்ல சிவப்புத் துணி கட்டியிருக்கும். வெள்ளைப் புள்ளி போட்டது. நான்தான் கட்டினேன்.”

அன்பார்ந்த தோழர்களே, அந்த நேரத்தில் ஆய்வாளர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? எங்கள் முதலாளியின் அடுத்த கட்டடத்தில்! எதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்? பெண்களுக்கான கழிப்பறையின் முன்னால்! ‘நேத்துப் பார்த்ததை விட இது நல்லா இருக்கே’ என்று அப்போதுதான் பாராட்டி முடித்திருந்தாராம். ஒரு கையில் போனோடு, மறு கையால் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே வெள்ளைப் புள்ளி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

“அம்மா,” என்றார் ஆய்வாளர், “பொருள் கிடைச்சிடுச்சு.”

அதற்குப் பிறகு நடந்த விசாரணையை நான் என்றும் மறவேன். முதலாளி முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, என் கட்டடத்தில் நானே திருடி, என் கட்டடத்திலேயே ஒளித்து வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் நெடுநேரம் யோசித்தார். திருட்டு கொஞ்சம் கௌரவமாக இருக்குமோ என்றுகூட யோசித்ததாகக் கேள்வி. கடைசியில் உண்மையைச் சொன்னார். முந்தின நாள் ஏமாந்தது வெளியே தெரிந்துவிட்டதால் ஆய்வாளருக்குக் கடமை உணர்ச்சி கரைபுரண்டு ஓடியது. இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனியே எல்லாம் வாங்கி வைக்கும் வரை ஒரு செங்கல்லும் நகரக் கூடாது, சும்மா இருக்கும் நாளுக்கும் ஆட்களுக்குக் கூலி உண்டு என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே கைப்பிடிக் கம்பி வந்தது. அதன் பிறகு அது ஊர்வலம் போகவே இல்லை. அண்ணனும் அண்ணியும் அதே கட்டடத்தில் வேலையை முடித்தார்கள். சிவப்புத் துணியும் திரும்பி வந்தது. அதைத்தான் இன்று ஒலிபெருக்கிக் கம்பத்தில் கட்டியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. அது திருட்டே இல்லை, நம் தொழிலில் நடக்கிற வழக்கம் என்று, பலகை விழுந்த அன்று இரவு அண்ணியிடம் விளக்கினோம். அண்ணன் விளக்கினார், நான் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அவர் நிக்க வேண்டிய இடத்துல இருந்து கம்பியை எடுத்துட்டுப் போனா, அதுக்குப் பேரு வேற என்ன?”

என்ன பெயர்? சொல்லுங்கள் தோழர்களே, என்ன பெயர்? உங்கள் தலைக்குரிய கவசத்தை உங்கள் தலையிலிருந்து எடுத்தால் அதற்கு என்ன பெயர்? உங்கள் காலுக்கடியில் இருக்க வேண்டிய வலையை எடுத்தால் அதற்கு என்ன பெயர்? உங்கள் பிள்ளைகள் மாலையில் வாசலில் நின்று எதிர்பார்க்கும் ஆளையே எடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? வழக்கம் என்று நாங்கள் சொன்னோம். வந்து இரண்டு நாள் ஆகாத ஒருவர்தான் சரியான பெயரைச் சொன்னார்!

புதியவர்களே, உங்களிடம் அனுபவம் இல்லை என்று மேஸ்திரி சொல்வார். இல்லாமலே இருக்கட்டும்! ஆபத்தைப் பார்த்தும் பேசாமல் இருக்கிற அனுபவம் உங்களுக்கு ஒரு நாளும் வரவேண்டாம். கம்பி இல்லையா? ஏறாதீர்கள். தனியாக நிற்காதீர்கள்; பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், சங்கத்தைக் கூப்பிடுங்கள், பலகையில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். கூச்சமாக இருந்தால் உரிமை என்று பேச வேண்டாம், சட்டம் என்று பேச வேண்டாம். திருட்டுப் போயிடுச்சு என்று சத்தம் போடுங்கள். தெருவே திரும்பிப் பார்க்கும்!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். திருத்தம் ஏதாவது உண்டா அண்ணி? புள்ளி வெள்ளை இல்லையாம், மஞ்சளாம். திருத்திக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இரண்டு முறை கயிறு கட்டிய பந்தல்காரருக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். படியில் கைப்பிடி இருக்கிறது. பிடித்துப் பார்த்துவிட்டேன். வணக்கம்!