சரிசமமாகப் பிரித்துச் சரிந்த கதை

கையில் கடிகாரம் இல்லாத காரணத்தால், நான் எப்போது முடிப்பேன் என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், மெழுகுவத்தி ஆலை அதிபர் அவர்களே! முன்வரிசையில் கண்மூடிச் சிந்தித்துக்கொண்டிருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே! உங்கள் ஆலைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருக்கும் தாய்மார்களே! என் கணக்கை எழுதி, என்னைக் கவிழ்த்து, இன்றும் என் வீட்டிலேயே சாப்பிடுகிற அருமை மைத்துனரே! அனைவருக்கும் இந்த அட்டைப்பெட்டிக்காரனின் அன்பு வணக்கம்!

சற்றுமுன் தேநீர் குடிக்கையில் தலைவர் என் காதில் ஒரு நற்செய்தி சொன்னார். "சாதா மெழுகுவத்தி நஷ்டம்யா. திங்கக்கிழமை அந்தப் பிரிவை மூடுறேன். இருபத்திரண்டு பேரு. இனிமே வாசனை மெழுகுவத்தி மட்டும்தான்." ஆகா! என்ன துணிவு! என்ன தெளிவு! மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எனக்கும் இதே தெளிவு இருந்தது, ஐயா.

தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள், சிரிப்புக்குச் செலவில்லை.

நான் இரண்டு பெட்டி செய்கிறவன். சாதாப் பெட்டி மாதம் பத்தாயிரம். பளபளக்கும் பரிசுப் பெட்டி ஆயிரம். வாடகை, மின்சாரம், மேஸ்திரி சம்பளம், இயந்திரத் தேய்மானம் எனப் பொதுச்செலவு மாதம் நாற்பத்து நாலாயிரம் ரூபாய். இதை எந்தப் பெட்டியின் தலையில் எவ்வளவு கட்டுவது? கூலியைப் பார்த்துப் பிரிக்கலாம். இயந்திரம் ஓடிய நேரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். எந்த வேலை செலவைக் கிளப்புகிறது என்று தேடியும் பிரிக்கலாம். என் மைத்துனர் எதற்கு மெனக்கெடுவார்? "மொத்தம் பதினோராயிரம் பெட்டி மாமா. பெட்டிக்கு நாலு. வேலை முடிஞ்சுது!"

என்ன நீதி! என்ன சமத்துவம்!

சாதாப் பெட்டிக்கு அட்டையும் கூலியும் ஏழு, பொதுச்செலவு நாலு, அடக்கவிலை பதினொன்று. விற்பதோ பத்துக்கு. நஷ்டம்! பரிசுப் பெட்டிக்கு முப்பதும் நாலும் முப்பத்து நாலு, விற்பது ஐம்பதுக்கு. அள்ளும் லாபம்! அடுத்த வாரமே சாதாப் பிரிவை இழுத்து மூடினேன். பதினோரு பெண்களிடம் கைகூப்பி, "போய் வாங்கம்மா" என்றேன். பணிவில் மட்டும் எனக்கு என்றுமே குறைவில்லை.

சாதாப் பெட்டி போனது. வாடகை போனதா? போகவில்லை! மேஸ்திரி போனாரா? போகவில்லை! நாலாயிரம் குறைந்தது, நாற்பதாயிரம் நகராமல் உட்கார்ந்திருந்தது. ஆயிரம் பரிசுப் பெட்டிகள் மீது ஏறியது, பெட்டிக்கு நாற்பதாக! அடக்கவிலை எழுபது, விற்பது ஐம்பதுக்கு. மைத்துனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மாமா, இப்ப பரிசுப் பெட்டியும் நஷ்டம். அதையும் மூடிடலாமா?"

என்னங்க, பின்வரிசையில்? மைத்துனரை மூடியிருக்கலாமே என்கிறீர்களா? அவருடைய அக்காதானே ஐயா எனக்குச் சோறு போடுகிறார்!

அந்த நேரத்தில், மறந்துபோன சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க வந்தார், சாதாப் பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா. நின்றுகிடந்த இயந்திரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அச்சுதான் மாத்திட்டிருக்கீங்களாண்ணே? எங்க பெட்டிக்கு வாரத்துக்கு ஒருதரம் அட்டை வெட்டுற அச்சை மாட்டினா போதும், அதுபாட்டுக்கு ஓடும். இந்தப் பளபளப்புக்கு ஒரு நாளைக்கு ஆறு தரம் மாத்தணும். அதுவரைக்கும் மிஷின் சும்மா நிக்கும், மேஸ்திரி கத்திக்கிட்டு நிப்பாரு. அந்தச் செலவையெல்லாம் எங்க தலையிலதானே எழுதினீங்க?"

ஒரு வாரம் கடிகாரமும் கையுமாக இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். மூடுவதற்கு முந்தைய மாதக் கணக்கை அந்த நேரப்படி பிரித்தேன். பொதுச்செலவில் முக்கால்வாசியைப் பரிசுப் பெட்டியே தின்றிருந்தது! அதன் அடக்கவிலை அறுபத்து மூன்று. சாதாப் பெட்டிக்கு எட்டு சொச்சம். சோறு போட்டதை விரட்டிவிட்டு, சோறு தின்றதைச் சீராட்டியிருக்கிறேன்!

பதினோரு பேரையும் திரும்ப அழைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். வராத இருவரில் ஒருவர், "உங்க கணக்கு மறுபடி மாறினா?" என்று கேட்டார். அந்த நஷ்டத்தை எந்தப் பெட்டியின் மீது ஏற்றுவது? மைத்துனருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தலைவரே, திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. இதோ, என் கைக்கடிகாரம். உங்கள் மேசையில் வைக்கிறேன். வாசனை மெழுகுவத்திக்கு எத்தனை தடவை அச்சு மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆலை நிற்கிறது என்று நீங்களே நின்று பாருங்கள். உட்கார்ந்தல்ல, நின்று! பார்த்த பிறகும் மூடத் தோன்றினால் மூடுங்கள். என்னுடைய அந்தப் பணிவான "போய் வாங்கம்மா"வையும் இலவசமாகவே தருகிறேன்.

அட, எடுத்துக் கையிலேயே கட்டிக்கொள்கிறீர்களா? பெரியோர்களே, தாய்மார்களே, கைதட்டுங்கள்! இனி தலைவர் சுவரைப் பார்க்க வேண்டியதில்லை; நானும் பேச வேண்டியதில்லை. பொறுத்துக் கேட்ட உங்கள் பொன்னான நேரத்துக்கு, அதை எந்தக் கணக்கில் எழுதினாலும், என் நன்றி. வணக்கம்!