சாம்பல் கவர் போட்ட வண்டி

...நியாயமாண்ணே இது? நீங்களே சொல்லுங்க. "அம்மா, வண்டிய எடுங்க"ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா? கடை போர்டுலதான் போன் நம்பர் போட்டிருக்கே! போலீஸ் லாரி வந்துச்சாம், கொக்கி போட்டாங்களாம், இங்க தூக்கிட்டு வந்துட்டாங்களாம். நடைபாதை மேல நின்னுச்சாம். நின்னா என்ன, யாரையாவது கடிச்சுச்சா?

கொஞ்சம் நகருங்க... ஆங், போதும் போதும். இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை போல, ஆடுது. உங்க டோக்கன் எத்தனை? இருபத்தி ரெண்டா? நான் இருபத்தி மூணு. இப்பத்தான் பதினெட்டு போகுது. சரி, பேசிட்டாவது இருக்கலாம்.

கையில இது என்னன்னு பாக்கறீங்களா? வால். முயல் வால்ணே. நான் தையக்கடை வெச்சிருக்கேன். எங்க சின்னது படிக்கிற ஸ்கூல்ல இன்னிக்கு நாலரை மணிக்கு நாடகம். பதினேழு முயல். பதினேழுக்கும் உடுப்பு, காது எல்லாம் நான்தான். இந்த ஒரு வால்தான் பாக்கி, பஞ்சு பத்தாமப் போச்சு. மத்ததெல்லாம் நேத்தே மூட்டை கட்டி கார் டிக்கியில வெச்சாச்சு. டிக்கி எங்க? வண்டியோட போச்சு! எங்க சின்னதுதான் தலைமை முயல். ஒரே ஒரு வசனம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்"னு. ஒரு மாசமா அதையேதான் சொல்லிட்டுத் திரியுது. குளிக்கும்போது சொல்லுது, பல்லு வெளக்கும்போது சொல்லுது. அந்தக் குழந்தை இன்னிக்குக் காதும் இல்லாம வாலும் இல்லாம மேடையில நிக்கணுமாண்ணே?

யாரோ போன் பண்ணிப் புகார் குடுத்தாங்களாம். ஜன்னல்ல உக்காந்திருக்கே, அந்தம்மாதான் சொல்லுச்சு. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. எவன்னு தெரியட்டும்... நான் சும்மா யாரையும் சபிக்க மாட்டேன்ணே. ஆனா அவனுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். "அவசரத்துக்கு உன் ஊசியில நூல் ஏறாமப் போக!" சிரிக்காதீங்க, தையக்காரி சாபம், பலிக்கும்.

வீட்டுக்காரரையும் குத்தம் சொல்ல முடியல பாருங்க. பதினாலு வருஷம்! நான் சொன்ன ஒரு பேச்சு கேட்டதில்ல அந்த மனுஷன். குழாய் ஒழுகுதும்பேன், ஒழுகட்டும்பாரு. வண்டி பூரா காக்கா எச்சம், ஒரு கவர் வாங்கிப் போடுங்கன்னு மூணு மாசமா கரடியாக் கத்தறேன், காதுல ஏறினாத்தானே? நேத்து சொன்னேன்... "வழக்கம் போல தெருக்கோடியில விடாதீங்க, என் இடுப்புக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, கடை வாசல்லயே விடுங்க"ன்னு. காலையில போன் பண்றாரு. "நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு, வாசல்லயே விட்டாச்சு"ங்கறாரு. பஸ் புடிச்சு வேலைக்குப் போயிட்டாரு. நான் ஒம்போது மணிக்கு வந்து பாக்கறேன், நம்ம வண்டி இல்ல. சரி, பொய் சொல்றாரு, தெருக்கோடியிலதான் கெடக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு மணிக்குப் போய்ப் பாத்தா அங்கயும் காணோம்! இங்க வந்து கேட்டா, "கடை வாசல்லேருந்துதான் தூக்கினோம்"ங்கறாங்க. அப்ப என்ன அர்த்தம்? நான் வர்றதுக்கு முன்னாடியே, விடிஞ்சும் விடியாமத் தூக்கியிருக்காங்க!

கூத்தக் கேளுங்க. நம்ம வண்டி போன அந்த இடத்துல, நான் கடை தொறக்க வர்றதுக்குள்ள எவனோ ஒருத்தன் வந்து நிறுத்திட்டான்ணே! நடைபாதை மேல ஏத்தி, சாம்பல் கலர் கவர இழுத்துப் போத்தி, தூங்குடா ராசான்னு விட்டுட்டுப் போயிருக்கான். அளவு குடுக்க வந்த புள்ளத்தாச்சிப் பொண்ணு ரோட்டுல எறங்கிச் சுத்தி வருது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! போட்டேன் போன, போலீசுக்கு. பத்தே நிமிஷம், லாரி வந்துடுச்சு. வாசல்ல நின்னு கை தட்டினேன். அந்த டிரைவர் பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. ஒரு சொம்பு தண்ணி குடுத்து, "இவனுங்களையெல்லாம் விடாதீங்கப்பா"ன்னு அனுப்பி வெச்சேன்.

என்ன, அப்படிப் பாக்கறீங்க? நம்மதும் நடைபாதைதானேங்கறீங்களா? அது வேற, இது வேறண்ணே. நம்ம வண்டி அவசரத்துக்கு நின்னது. அது கொழுப்பெடுத்து நின்னது.

இருங்க, வீட்டுக்காரர் கூப்பிடறாரு... ஆங், சொல்லுங்க. இல்லங்க, இன்னும் கையில வரல... எது கிழியாம இருக்கான்னு பாக்கணும்? கவரா? எந்தக் கவரு? ...நேத்தே வாங்கிட்டீங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல? ...ஓ, நான் பாத்து அசந்து போகணும்னா? ...சரிங்க, என்ன கலரு?

...சாம்பலா.

வெச்சுடுங்க. அப்புறம் பேசறேன். வெச்சுடுங்கன்னு சொல்றேன்ல!

அண்ணே... சிரிக்காதீங்கண்ணே. பெஞ்சே ஆடுது. பதினாலு வருஷமாக் கேக்காத மனுஷன், ரெண்டு பேச்சையும் ஒரே நாள்ல கேட்டா நான் என்னத்தண்ணே பண்ணுவேன்?

ஐயோ, அந்த லாரி டிரைவர் இங்கதான் வராரு. என்னைப் பாத்துக் கையாட்டறாரு! ...ஆங், நல்லா இருக்கேன்ப்பா. என்ன? அந்தக் கவர் வண்டிக்காரன் வந்தானாவா? வந்தாச்சுப்பா. வந்து, இங்கதான் எங்கயோ உக்காந்திருக்கு. நீ போ, போய் வேலையப் பாரு.

இருபத்தி ரெண்டு கூப்பிட்டுட்டாங்க, எந்திரிங்கண்ணே. என்னது, என்னை முன்னாடி போகச் சொல்றீங்களா? நல்லா இருப்பீங்க! மூணே முக்கால் ஆச்சு, இப்பக் கெளம்பினாக்கூடப் போய்ச் சேந்துடலாம். பதினேழு முயலும் எனக்காகக் காத்துக் கெடக்கும்.

அண்ணே, அதுக்குள்ள ஒரே ஒரு உபகாரம். நான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்குள்ள... இந்தாங்க, இதப் புடிங்க. வந்து உக்காந்ததுலேருந்து பாக்கறேன், இந்த ஊசியில நூல் ஏறவே மாட்டேங்குது. கொஞ்சம் கோத்து வையுங்களேன்.