அண்ணன் கணக்கில் புதுப் பதில்

அண்ணி: நில்லு, நில்லு! அந்தப் பட்டனைத் தொடாதே!

தம்பி: ஏன் அண்ணி? படிவம் நிரப்பியாச்சு, இறப்புச் சான்றிதழ் ஏத்தியாச்சு. ஒரே அமுக்கு... அண்ணனோட சேனல் உங்க பேருக்கு வந்துடும்!

அண்ணி: வரலேன்னா?

தம்பி: வராம? இருநூத்துப் பன்னெண்டு மிக்ஸி ரிப்பேர் வீடியோ. அத்தனையிலயும் அண்ணன் குரல். விட்டுடுவோமா... ஆமா, இது என்ன?

அண்ணி: எது?

தம்பி: கணக்கைக் கடைசியா எப்போ திறந்தாங்கன்னு காட்டுது... அண்ணி! நேத்து!

அண்ணி: சும்மா இரு.

தம்பி: அண்ணன் போய் நாலு மாசம்! நேத்து மத்தியானம் பதில் போட்டிருக்காரு! எவனோ திருட்டுப்பய உள்ள பூந்துட்டான்!

அண்ணி: கத்தாதே. அப்படி என்ன போட்டிருக்கான்?

தம்பி: "ஜார் அடியில ரப்பர் தேஞ்சிருக்கும், கழட்டி மாத்துடா ராஜா"ன்னு...

அண்ணி: சரியாத்தானே சொல்லியிருக்கான்?

தம்பி: நூத்துப் பத்து பதில் அண்ணி! எந்தத் திருடன் உக்காந்து மோட்டாரைப் பத்திப் பாடம் எடுப்பான்?

அண்ணி: ஒம்பது வருஷம் கேமராவைப் புடிச்சவடா நான். கை வலிச்சுது. காது சும்மாத்தானே இருந்துச்சு?

தம்பி: ஐயோ அண்ணி! நீங்களா!

அண்ணி: எல்லாத்தையும் மூடிடலாம்னுதான் இருந்தேன். ஒருத்தன் விடல. "பொகையுது சார்"னு பேரு வெச்சுக்கிட்டு... அவர் போன மறுவாரமே ஆரம்பிச்சான். தினம் ஒரு கேள்வி. ஒரு மிக்ஸி எத்தனை தடவைடா பொகையும்!

தம்பி: சொல்லியிருக்கலாமே, ஆள் இல்லைன்னு?

அண்ணி: மனசு வரல. பதில் லேட்டானா "சார், உடம்புக்கு ஏதாவதா"ம்பான். அவனுக்குப் பதில் போடத்தான் காலையில எந்திரிச்சேன்... சரி, இப்போ மூடிடுவாங்களா?

தம்பி: வேற ஆள் புழங்கியிருந்தா எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கு. மறைச்சா மூடிடுவாங்களாம். சொல்லிட்டா, மனைவிங்கறதால விட்டுடலாம்... விடாமலும் போகலாம்.

அண்ணி: எழுது. "பதில் போட்டது நான்தான். அவர் மனைவி."

தம்பி: அமுக்கட்டுமா?

அண்ணி: இரு... ம். அமுக்கு.

தம்பி: சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு...

அண்ணி: உயிரை வாங்காதே, என்னாச்சு!

தம்பி: வந்துடுச்சு! அண்ணி, உங்க பேரு! மேல உங்க பேரு!

அண்ணி: குடு, குடு! அப்பாடா... வீடியோ எல்லாம் இருக்கு! முதல்ல அந்தப் பொகையுது சாருக்கு உண்மையை எழுதறேன். பாவம், தூக்கிவாரிப் போடும்.

தம்பி: போடாது அண்ணி. அவன்கிட்ட மிக்ஸியே கிடையாது. நான் திருடன்னு கத்தினதும் நடிப்புதான், நீங்களே சொல்லட்டும்னு. சுவத்தைப் பாத்தே படுத்துக் கிடந்த நீங்க, அண்ணன் போன்ல கேள்வி வந்து அடிச்சா மட்டும்தான் திரும்பினீங்க... அதான் தினம் நானே கேட்டேன்.