அந்த ஒரு பட்டன்

நாத்தனார்: இன்னும் அதே வார்த்தைதானா அண்ணி? காலைல காபி குடிக்கறப்பவும் இதைத்தானே முறைச்சுக்கிட்டிருந்தீங்க.

அண்ணி: முறைக்கல. யோசிக்கறேன்.

நாத்தனார்: ரெண்டுக்கும் உங்க மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கு.

அண்ணி: போடீ... ஒரு கம்பெனி ஆப். அதுல ஒரு பட்டன். இங்கிலீஷ்ல 'பிக் அப்'னு மட்டும் இருக்கு. முன்னாடியும் ஒண்ணுமில்ல, பின்னாடியும் ஒண்ணுமில்ல. அதை ஜெர்மன்ல போடணும்.

நாத்தனார்: 'எடு'ன்னு போட்டுட்டு எந்திரிங்க.

அண்ணி: எதை எடுக்க? கீழ விழுந்த துணியை எடுத்தா அவுஃப்ஹேபன். அடிக்கற போனை எடுத்தா அப்ஹேபன். புள்ளையை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்தா அப்ஹோலன்.

நாத்தனார்: சளி புடிச்சிருக்கா அண்ணி? தும்மற மாதிரியே இருக்கு.

அண்ணி: சிரி, நல்லா சிரி. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இது சரியா இருந்தா மொத்த ஆப்பையும் மொழிபெயர்க்கற வேலை எனக்குத்தான். தப்பாப் போச்சுன்னா... போன் அடிக்கறப்ப ஜெர்மன்காரன் குனிஞ்சு துணி பொறுக்குவான்.

நாத்தனார்: அனுப்பினவங்களையே ஒரு வார்த்தை...

அண்ணி: கேக்கறதா? நானா? 'சந்தேகம் கேட்டுத் தொல்லை பண்ண மாட்டேன்'னு சொல்லித்தானே இந்த வேலையையே வாங்கினேன். உங்க அண்ணன்கிட்ட வேற பீத்திக்கிட்டேன்.

நாத்தனார்: அண்ணன்கிட்ட மட்டுமா? மாடி வீடு வரைக்கும் தெரியுமே.

அண்ணி: அவங்களுக்கு யாரு சொன்னா?

நாத்தனார்: ...காத்துவாக்குல போயிருக்கும்.

அண்ணி: அந்தக் காத்து இப்ப என் நாற்காலிக் கைப்பிடில உக்காந்திருக்கு. ஹூம்... ராப்பகலா ரெண்டு மொழி படிச்சு, கடைசில ஒரு பட்டன்ல மாட்டிக்கிட்டேன் பாரு.

நாத்தனார்: சட்டைல மாட்டியிருந்தாலாவது...

அண்ணி: இரு, இரு! பேசாத! பொறி தட்டுது... போன்லயே ஆர்டர் பண்ணிட்டு, நாமளே கடைக்குப் போய் பார்சலை வாங்கிட்டு வர்றோம்ல? அதுதான் இது! அதுக்கும் அப்ஹோலன்தான்!

நாத்தனார்: அடேங்கப்பா! எப்படி அண்ணி?

அண்ணி: எல்லாம் இங்க இருக்கு. மூளை. யாரையாவது கேட்டேனா? நீயே சாட்சி.

நாத்தனார்: எனக்கே புல்லரிக்குது. ஆனா... திட்டக் கூடாது.

அண்ணி: என்னடீ பண்ணித் தொலைச்ச?

நாத்தனார்: நீங்க படற பாட்டைப் பாக்க முடியல. மத்தியானம் நானே அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்.

அண்ணி: அடிப்பாவி! மானத்தை வாங்கிட்டியே! என்... என்ன சொன்னாங்க?

நாத்தனார்: 'பார்சல் வாங்கறதுக்குத்தான்னு நேத்து காலைல கேட்டப்பவும் சொன்னோம், சாயங்காலம் கேட்டப்பவும் சொன்னோம். மேடத்துக்குக் காதுல ஏதும் பிரச்சனையா?'ன்னு கேட்டாங்க.