கருநீலச் சீருடையும் கறுத்த திரையும்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, வெட்டியும் தைத்தும் மடித்தும் இந்த ஆலையை வாழவைக்கும் அண்ணன்மார்களே, அன்னையர்களே, அருமைத் தங்கைகளே! ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்லத்தான் விற்பனைக்குச் சட்டைகளைப் படம் பிடிக்கும் படப்பிரிவுக்காரனான என்னை அழைத்தார்கள். நன்றி சொல்வேன். அதற்கு முன் நியாயம் கேட்பேன்!

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பிகளே, என் கோபம் ஆறிவிடப் போகிறது.

போன வாரம் ஒரு கம்பளிச் சட்டை காணாமல் போனது. மடிப்புப் பிரிவில் இருக்கும் நம் தங்கையைக் காவல் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் கேமரா படம் ஓடியது. அவள் போட்டிருந்தது கருநீலச் சீருடை, கருநீலக் கையுறை. அந்தத் திரையில் எல்லாம் ஒரே கறுப்பு. வயிற்றருகே ஒரு மேடு.

"உள்ள என்னம்மா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றார் மேலாளர்.

"அது என் கை, சார்."

"கையா? எனக்கு ஒரு கையும் தெரியலையே!"

அதன்பின் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? தாயாகப் போகிறேன் என்றாள். கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாத சேதியை, தன்னைத் திருடி என்றவர்களிடம் முதலில் சொல்ல வைத்தார்களே! "நல்ல சாக்கு" என்று சிரித்துவிட்டு, எல்லோரும் பார்க்க வாசலுக்கு வெளியே அனுப்பினார்களே!

அதே படத்தைக் கேட்டு வாங்கி எங்கள் பிரிவுத் திரையில் போட்டேன். ஐந்து விரலும் தெரிகிறது ஐயா! விரித்த கை, வெறுங்கை, வயிற்றின் மேல் சும்மா வைத்த கை! படம் ஒன்றுதான், திரைதான் வேறு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள நிறங்களை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்று ஒவ்வொரு திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைக் காமா என்பார்கள். அது அளவுக்கு மீறினால் மங்கலானதெல்லாம் இருட்டில் மூழ்கிவிடும்.

இது நிர்வாகத்துக்குத் தெரியாதா? தெரியும்! இணையத்தில் நாங்கள் போட்ட படத்தைப் பார்த்துக் கறுப்பென்று வாங்கியவர்கள், கருநீலம் வந்ததென்று சட்டைகளைத் திருப்பி அனுப்பினார்களே, அன்று ஓடோடி வந்து எங்களுக்குப் புதுத்திரை வாங்கித் தந்தீர்களே! சட்டைக்கு ஒரு திரை, சட்டை போட்டவளுக்கு ஒரு திரையா? சரக்கின் நிறம் மாறினால் சங்கடம், மனுஷியின் மானம் போனால் சாதாரணமா?

மணி அடிக்கிறீர்களா தலைவரே? அடியுங்கள். நான் நிறுத்துவதாக இல்லை.

மேலாளரிடம் காட்டினேன். "சரி விடுப்பா, வேலைக்கு வரச் சொல்லு. பெருசாக்காதே" என்றார். ஊரறியத் திருடி என்றவர், காதும் காதும் வைத்தாற்போல் நல்லவள் என்பாராம்!

அவள் கடைசி வரிசையில் கணவரோடு நிற்கிறாள். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "வேலை கெடக்கட்டும்ணே. நான் எடுக்கலைன்னு அவர் வாயால எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

மேலாளர் அவர்களே, மேடைக்கு வாருங்கள். ஒலிவாங்கியை அணைக்காமல் இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மேலாளருக்கு உரிய நன்றியை மட்டும் கையிலேயே வைத்திருக்கிறேன். அவர் பேசி முடித்ததும் தருகிறேன். வணக்கம்!