எட்டு வரிசைத் தையல்

உங்கள் மேசையில் இருக்கிற அந்த ரம்பத்தின் படத்தில் செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், மேடம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சோதனைக்குக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது திசை பார்க்கவில்லை. முதல் தடவை மாட்டுகிற பத்துப் பேரில் ஆறு பேர் இப்படித்தான் செய்வார்கள். செயின் பல்லுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. செயின் ஓடுகிற நீளமான பட்டையின் மேல்விளிம்பில் இருக்கிற பற்கள் பட்டையின் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். படத்தில் உள்ளபடி ஓட்டினால் மரத்தைச் சுரண்டும், புகையும், அறுக்காது. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் வேறு படம் எடுத்துவிடுங்கள்.

சாயா அப்புறம் குடிக்கிறேன். நீங்கள் பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றது எனக்கு வசதியாகப் போயிற்று.

காலையில் என் மனைவி மஞ்சுஷா இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, சிஜு செத்தது தன்னால்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்புவதா, கேஸ் போடுவதா என்று உங்களுக்குக் குழப்பம். அவள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. பாதி விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

நான் மரம் வெட்டும் குழு ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். மெஷின் வாள்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மெஷின் வாள் என்றால் செயின் ரம்பம்தான். மட்டாஞ்சேரியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் பின்னறையில் ஐந்து மெஷின்கள் இருக்கின்றன. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். செயினை விரலால் தூக்கிப் பார்ப்பேன். தொங்கவும் கூடாது, இறுகி நிற்கவும் கூடாது. கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். வட்ட அரத்தை ஒவ்வொரு பல்லிலும் ஒரே சாய்வில், உள்ளேயிருந்து வெளியே, ஒரே எண்ணிக்கையில் தள்ளுவேன். மெஷினை ஓட்டி முனையை ஒரு காகிதத்துக்கு நேரே பிடிப்பேன். காகிதத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் செயினுக்கு எண்ணெய் போகிறது என்று அர்த்தம். பிறகு பிரேக். கூர்மையான செயினைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது மழுங்கிய செயினை. அது அறுக்காது, ஆள் அழுத்துவான், அழுத்துகிறவனுக்குக் கால் நிலைக்காது.

சிஜு எங்கள் தெருக்காரன். என்னைவிட எட்டு வயது சின்னவன். என்னை வெங்கியேட்டன் என்பான், மஞ்சுஷாவைச் சேச்சி என்பான். மெஷினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமலே குழுவில் எல்லாரையும்விட நன்றாக அறுப்பான். இது எப்படி என்று என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

மஞ்சுஷா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சிஜு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசல்படியில் உட்கார்ந்து சாயா குடிப்பான். போன மார்ச்சில் ஒருநாள் அவள் அவனைக் கேட்டாள்.

“ஏண்டா சிஜு, அந்தச் செயின் அவ்வளவு வேகமாச் சுத்துதே, சூடாகாதா?”

“ஆகும் சேச்சி. அதுக்குத்தான் நான் நடுவுல நடுவுல பாட்டுப் பாடறது. கேட்டதும் குளுந்துடும்.”

“உன் பாட்டைக் கேட்டா மரம் தானே விழுந்துடுமே, வாள் எதுக்கு?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சொன்னேன், “பாட்டு இல்ல மஞ்சு, ஆயில். பட்டையில ஒரு சின்னத் துளை இருக்கு, அது வழியா...”

“தெரியும், தெரியும். கிளாஸ் எடுக்காதீங்க. சாயா ஆறுது.”

“வெங்கியேட்டன் சொல்றதுதான் சேச்சி சரி,” என்றான் சிஜு. “நான் சும்மா சொன்னது.”

அந்தத் துளையைப் பற்றி நான் அவளுக்குக் கல்யாணமான முதல் வாரமே சொல்லியிருக்கிறேன். ‘ம்’ என்றாள், எழுந்து அடுப்படிக்குப் போனாள். பதினேழு வருஷத்தில் மெஷினைப் பற்றி அவள் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லாதவள் என்று நினைத்திருந்தேன். ஆசை இருந்திருக்கிறது. கேட்ட இடம்தான் வேறு.

நான் பொறாமைக்காரன் இல்லை, மேடம். அவர்களுக்குள் தவறாக எதுவும் இல்லை. அதையும் நான் முறையாகச் சோதித்துப் பார்த்தேன்: அவள் போன், அவன் வந்த நாட்கள், உட்கார்ந்த நேரம், பேசிய பேச்சு. இரண்டு மாதம் பார்த்தேன். ஒரு பழுதும் கிடைக்கவில்லை. பழுதே இல்லாமல் சத்தம் போடுகிற மெஷினை என்ன செய்வது? கழற்றவும் முடியாது, சரி செய்யவும் முடியாது. காதில் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள்.

மெஷின் வாள் பிடிப்பவன் போடுகிற சேஃப்டி பேண்டில், தொடை முன்பக்கம் வெளித்துணிக்கு அடியில், நீள நீளமான நூல்கள் பல அடுக்காகக் கிடக்கும். நடுவில் எங்கேயும் அவற்றை இறுக்கித் தைத்திருக்க மாட்டார்கள். செயின் தவறித் தொடையில் பட்டால் முதலில் வெளித்துணி கிழியும். அடுத்த கணம் பற்கள் அந்த நூல்களைப் பற்றி இழுக்கும். நூல்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்து, செயினைச் சுழற்றுகிற பல்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் மெஷின் நின்றுவிடும். துணி வெட்டைத் தாங்குகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது தாங்குவதில்லை, மெஷினை நிறுத்துகிறது. அவ்வளவு முரட்டுச் சாமானை நிறுத்துவது இரும்பு இல்லை, தளர்ந்து கிடக்கிற நூல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அதனால்தான் அந்தப் பேண்டை அடுக்குகளோடு சேர்த்து மெஷினில் தைக்கவே கூடாது. தைத்தால் ஒவ்வொரு நூலும் இருக்கிற இடத்தில் மாட்டிக்கொள்ளும், உருவிக்கொண்டு வராது. பார்ப்பதற்கு முன்னைவிடக் கெட்டியாக இருக்கும். செயினுக்கு முன்னால் அது வெறும் துணி. கிழிந்தால் வெளித்துணியை மட்டும் கையால் தைக்கலாம், இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். இது குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் பேண்ட் கிழிந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தேன்.

மே மாதம் தோப்பும்படி பக்கத்தில் ஒரு மதில்மேல் ஏறும்போது சிஜுவின் பேண்ட் முள்கம்பியில் மாட்டி இடது தொடையில் ஒரு சாண் கிழிந்தது. அவன் அதை என்னிடம் கொண்டுவரவில்லை. அவளிடம் கொண்டுபோனான். என்ன பேசினார்கள் என்று அவளே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“சேச்சி, இதை ஒண்ணு தச்சுத் தாங்க. உள்ள இருக்கிற பஞ்செல்லாம் வெளிய சாடுது.”

“இதென்னடா, பேண்டா மெத்தையா?”

“மெத்தைதான். மரத்துமேல ஏறி உறங்க வேண்டாமா?”

அவன் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் நான் வீட்டுக்கு வந்தேன். பேண்ட் தையல் மெஷின் ஊசிக்கு அடியில் கிடந்தது. அவள் எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, வரிசை வரிசையாக ஓட்டியிருந்தாள். நேர்கோடு பிசகாத தையல். பேண்டின் நிறத்துக்கு ஏற்ற நூலைத் தேடி எடுத்துப் போட்டிருந்தாள். என் சட்டைக்கு மெஷினில் என்ன நூல் இருக்கிறதோ அதுதான். நான் குனிந்து பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். உள்ளே இருக்கிற நூல்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கேட்காதவர்களுக்கும் நிறுத்தி வைத்து விளக்குகிறவன் நான். குழுவில் என்னைப் பார்த்தால் ஒளிந்துகொள்வார்கள். அன்றைக்குச் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. வாய்வரை வந்தது. சொல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சிஜுவின் மெஷினை முன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டேன். செயினில் ஒரு பல்கூட மழுங்க விடவில்லை. பிரேக்கை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சோதித்தேன். மெஷின்மேல் பழி வந்துவிடக் கூடாது. மற்ற நாலு பேருடைய பேண்டையும் பார்த்தேன். ஒருவனுடையதில் அடுக்கு நைந்திருந்தது. முதலாளியிடம் சண்டை போட்டுப் புதிது வாங்கிக் கொடுத்தேன்.

ஜூனில் சிஜு தொடையைத் தட்டிக் காட்டினான். “வெங்கியேட்டா, சேச்சி தச்சது நல்ல கெட்டி, கேட்டோ. இது போதும்ல?”

“போதும்,” என்றேன்.

கவலை இல்லாமல் சொன்னேன். எப்போதாவது ஒரு நாள் செயின் காலில் படும். எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் படும். படும் என்பதால்தான் அந்தப் பேண்டையே கண்டுபிடித்தார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஜூலை இரண்டாம் வாரம் அடித்த காற்றில் வைப்பின் தீவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் ஒரு வீட்டு மதில்மேல் சாய்ந்துவிட்டது. அடியில் ஒரு கிளை வில் மாதிரி வளைந்து மாட்டியிருந்தது. அப்படி வளைந்த கிளைக்குள் மரத்தின் பாரமெல்லாம் அடங்கியிருக்கும், அறுபட்டதும் சீறும். சிஜு சரியாகத்தான் அறுத்தான். ஈர மண்ணில் வலது கால் வழுக்கியது. மெஷின் ஓடிக்கொண்டே இடது தொடைமேல் இறங்கியது. உங்கள் முதல் அறிக்கையில் பிரேக் பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள். மெஷின் மேல்நோக்கி எகிறும்போதுதான் அந்த பிரேக் விழும். கீழே இறங்கும்போது நிறுத்த வேண்டியது பேண்ட்.

அது நிறுத்தவில்லை. நான் என் பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையில் கட்டினேன். சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில் கட்டினேன். அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். எர்ணாகுளத்துக்குப் போகிற பாலத்தில் வண்டி ஏறும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வெங்கியேட்டா, சேச்சிகிட்ட சொல்லாதீங்க, பயப்படுவாங்க,” என்றான். பாலம் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

மஞ்சுஷா இரண்டு வாரம் தைக்கவில்லை. முந்தாநாள் மதியம் வெட்டுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், “பேண்ட் போட்டிருந்தானே. அப்புறம் அது எதுக்குத்தான் இருக்கு?”

பதினேழு வருஷத்தில் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அளவு வரைகிற காகிதத்தை எடுத்து, தொடை, அடுக்கு, நூல், பல்சக்கரம் எல்லாம் வரைந்து, முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். அவள் எழுந்து போகவில்லை. பென்சில் போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. கடைசியில் தையலையும் வரைந்தேன். நூல்கள் எப்படி மாட்டிக்கொள்கின்றன என்று காட்டினேன். அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு இன்னொன்று கேட்டாள். அதைச் சொல்வதற்கு, முன்னால் நான் சுருக்கிச் சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். அன்றைக்கு நான் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பேண்டில் நாலு வரிசைதான் இருந்தது.

“நாலு ஓட்டி முடிச்சுட்டு உங்ககிட்டக் காட்டினேனே,” என்றாள். “நூல் நழுவிட்டே இருக்கு, இது மதியா, போதுமான்னு கேட்டேனே. நீங்கதானே இன்னும் நாலு ஓட்டு, நெருக்கமா ஓட்டுன்னு சொன்னீங்க?”

“ஆமா,” என்றேன்.

“அப்பவே இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இன்று காலை குளித்து, புடவை மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

அவள் எழுதியதை நீங்கள் படிக்கும்போது ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். ‘சிஜு கொண்டுவந்தான், நான் எட்டு வரிசை தைத்தேன், அதனால் அவன் செத்தான்.’ அவ்வளவுதான். யார் சொல்லி எட்டு என்று இல்லை. நான் அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததே அதில் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் விட்டுவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அவளைத் தெரியும். இதையும் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் உள்ளதாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். சிஜுவைக் கொன்றது நான். நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு எண்ணம் இல்லை. அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கிழிக்க வேண்டாம், மேடம். அவர்கள் இரண்டு பேருடைய பெயருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே என் பெயரை எழுதுங்கள்.