தயிர் டப்பாவின் நான்கு வட்டங்கள்

தொழிற்கூடத்தின் சாவியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். மீன் குழம்பு அன்றைக்கு நன்றாக வந்திருந்தது. எல்லோரும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லித்தான் அழைத்து வந்தார். காரில் சொன்னார். கொப்பரைப் பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது கண்ணாலும் ஒரு முறை சொன்னார். சின்ன விமானங்கள் செய்து பறக்கவிடும் இந்தக் கழகத்தில் சாவி கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. வசந்தத்தில் மீன் குழம்பு காய்ச்சும் நாளில் தலைவர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கரண்டியையும் சாவியையும் சேர்த்துக் கொடுப்பார். வாங்கியவர் அன்று குழம்பைக் கிளற வேண்டும். அதன்பிறகு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், தன் விமானத்தைத் தொங்கவிட ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாம், பேட்டரிக்கு சார்ஜ் போடலாம். சாவி இல்லாதவர்கள் சன்னலுக்கு வெளியே பேட்டரியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், இத்தனை வருஷமாக அப்பாவைப் போல.

ரதிவோயே மாமா, தலைவராக நீங்கள் அன்று என்ன பதில் சொன்னீர்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தீர்கள்.

"உங்கப்பன் ஒஸ்டோயாவே இத்தன வருஷத்துல வாயத் தொறந்து கேட்டதில்ல. நாலெழுத்து படிச்சதும் நீ கேக்க வந்துட்டியாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இப்போது நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். தலைவர் நீங்கள் ஒரு பக்கம். செயலாளரும் பீர் ஃப்ரிட்ஜுக்குக் காவலருமான மிலுத்தின் மாமா இன்னொரு பக்கம். எனக்கும் ஒரு குட்டிக் கிளாஸில் பிளம் சாராயம் ஊற்றியிருக்கிறீர்கள், முதல் தடவையாக. மேசைமேல் சாவி இருக்கிறது. எரிந்துபோன சார்ஜ் பெட்டிக்குப் பதிலாக இன்னொன்று செய்து கொடுத்தால் சாவி எனக்கு. நியாயமான பேச்சுதான். எரிந்ததற்குக் காரணம் மின்வாரியம் என்கிறீர்கள் நீங்கள். சுவரில் ஈரம் என்கிறார் மிலுத்தின் மாமா. இரண்டும் இல்லை. பதில் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யகொடா கோபக்காரி என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, தெரியும். இந்தக் கதவையே பாருங்கள். போன குளிர்காலம் வரை யார் சாத்தினாலும் சுவர் அதிரும். கீலைக் கழற்றி, நிமிர்த்தி, எண்ணெய் போட்டு மாட்டியவள் நான். இப்போது பூனை வந்துபோவதுபோல் மூடுகிறது. கோபக்காரி செய்கிற வேலையா இது?

பழுது பார்க்க மட்டும் என்னை உள்ளே விடுவீர்கள். அப்படித்தான் பெட்டிகளும் ஆரம்பித்தன. பள்ளிக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் குப்பைக்குப் போட்டார்கள். அப்பா சர்க்கரை ஆலையின் தள்ளுவண்டியில் அவற்றை ஏற்றி வந்து இந்த மூலையில் குவித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பவர் சப்ளை இருந்தது. பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்த்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே விழித்துக்கொண்டு பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும். சார்ஜருக்கு அது போதும். ஆனால் சும்மா இருந்தால் அந்தப் பன்னிரண்டு தளர்ந்துபோகும். அதனால் பழைய காரின் பிரேக் பல்பு ஒன்றை அதன் கழுத்தில் கட்டி, எப்போதும் எரியவிட வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் பெட்டியும் சோர்ந்துவிடும். இதை நான் நோவி சாட் நகரத்துக் கல்லூரியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நான் செய்த பெட்டிகளைப் பார்க்கப் பக்கத்து ஊர்க் கழகங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். "ரதிவோயே பெட்டி" என்று பெயர் வைத்துப் பேசிக்கொண்டார்கள். நீங்களும் திருத்தவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெயரில் என்ன இருக்கிறது.

பிறகு உங்கள் பெரிய கிளைடர் விமானம் வந்தது. அதன் பேட்டரிக்கு வாங்கிய பெரிய சார்ஜர் இருபத்துநாலு வோல்ட் கேட்டது. இரண்டு பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இருபத்துநாலு கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டாவது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை அதன் தகர உறையைத் தொடவே கூடாது. தகரம் எர்த்தோடு சேர்ந்தது. பலகை அதைத் தொட்டால் முதல் பெட்டியின் பலம் முழுவதும் நேரே மண்ணுக்குப் போகப் பார்க்கும். அதனால் தயிர் டப்பா ஒன்றிலிருந்து நான்கு வட்டங்களை வெட்டி, பலகையின் நான்கு மூலைக்கும் அடியில் வைத்து, நைலான் திருகு போட்டேன். பார்க்க ஏழைத்தனமாக இருந்தது. குளிர்காலம் முழுக்க வேலை செய்தது.

கழக விழாவுக்கு நகரத் தலைவர் வருகிறார் என்றதும் உங்களுக்கு அது பிடிக்காமல் போயிற்று. பளபளவென்று ஒரு எஃகுப் பெட்டி வரவழைத்தீர்கள், முன்னால் உங்கள் பெயர் பொறித்து. இரண்டு பலகைகளையும் அதற்குள் மாற்றச் சொன்னீர்கள். தயிர் டப்பா வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன கரண்ட் பெட்டியா, உங்கம்மாவோட சமையக்கட்டா?" என்றீர்கள். அவற்றை எடுத்துவிட்டுப் போடச் சொல்லிப் பித்தளைத் திருகுகளைக் கையில் கொடுத்தீர்கள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். மிலுத்தின் மாமா இருந்தார், அவருக்குத் தெரியும்.

"மாமா, அந்தப் பிளாஸ்டிக் வந்து..."

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து வயர் புடிச்சவன்டி நான். சொன்னதச் செய்."

சரி என்றேன். சொன்னதைச் செய்தேன். உண்மையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். பெரியவர் சொன்னதை மீறவில்லை.

சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. முழுமைக்காகச் சொல்கிறேன்.

அந்த எஃகுப் பெட்டிக்கு உள்ளேயும் தடிமனாக வண்ணம் பூசியிருந்தார்கள். பித்தளைத் திருகு போட்டாலும் அந்த வண்ணம் ஒருவேளை காப்பாற்றியிருக்கும். திருகு உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டி எடுத்தேன். எதைச் செய்தாலும் அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

நல்ல பவர் சப்ளை என்றால் ஷார்ட் ஆன கணமே தன்னைத்தானே அணைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அதற்குள் அப்படி ஒரு காவல் உண்டு. நான் குளிர்காலத்தில் போட்ட இரண்டும் நல்லவை. அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். குவியலில் தேடி, அந்தக் காவல் இல்லாத மலிவு பெட்டிகள் இரண்டின் பலகையை எடுத்துப் பொருத்தினேன். நல்லதை வீணாக்குவானேன்?

நான் அரக்கி இல்லை. மணல் வாளியை முந்தின நாளே நிரப்பி வைத்தேன். நகரத் தலைவர் அமுக்க வேண்டிய சுவிட்சை நீளமான வயரில் கட்டி, வாசல் பக்கம் கொண்டுவந்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. படம் நன்றாக வரும் என்று சொல்லி எல்லோரையும் சுவரோரம் நிறுத்தினேன். அப்பாவை ரொட்டி வாங்க அனுப்பினேன். ரொட்டி ஏற்கெனவே நிறைய இருந்தது.

கிளைடரை எஃகுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தது நீங்கள்தான், ரதிவோயே மாமா. இறக்கை பெட்டியின் மேல் நிழல்போல் நீண்டிருந்தது, பெட்டியிலும் இறக்கையிலும் இருந்த உங்கள் பெயர் இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று. அதே மேசையில் எங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பலகாரம் ஒரு தட்டில் இருந்தது, கசகசா வைத்துச் சுருட்டியது. உங்கள் பேச்சு முடிகிற சமயத்தில் நான் முன்னால் போய் அந்தத் தட்டை எடுத்துச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். கிளைடரை எடுக்கவில்லை. என்னிடம் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். அவர் சுவிட்சை அமுக்கினார். பெட்டிக்குள்ளிருந்து தடித்த புத்தகத்தைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம். காற்றுத் துளை வழியே வந்த பொறி, இறக்கையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளில் விழுந்தது. தாள் சுருங்கிப் பின்வாங்கியது, உள்ளே பால்சா மரம் பற்றிக்கொண்டது. விளக்கெல்லாம் அணைந்தது. நகரத் தலைவர் கைதட்டினார். விழாவில் அதுவும் ஒரு நிகழ்ச்சி என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. நான் மணலைக் கொட்டினேன். அவருடைய காலணிக்குள்ளும் கொஞ்சம் போயிற்று, அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பீர் ஃப்ரிட்ஜும் அதே பிளக்கில் இருந்தது எனக்குத் தெரியாது. மிலுத்தின் மாமா அரையிருட்டில் அதன் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். இறக்கை எரிந்ததற்கு யாரும் அழவில்லை. வெயில் ஏற ஏற பீர் சூடாகிக்கொண்டு வந்ததற்குத்தான் பலருக்கும் முகம் வாடியது. அதற்கு மட்டும் நான் மனதார வருந்துகிறேன்.

அப்பா ரொட்டியோடு திரும்பி வந்தார். வாசலில் நின்று முதலில் இறக்கையைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு சன்னல் திண்டில் தூசிகூடப் படாமல் இருந்த தட்டை. இங்கே இருந்தவர்களில் மின்சாரம் தெரியாத ஆள் அவர் ஒருவர்தான்.

"தட்ட மட்டும் எடுத்து வச்சியாம்மா?"

"அம்மா செஞ்சதுப்பா."

ரொட்டியைத் தட்டின் பக்கத்தில் வைத்தார். வெளியே போய்விட்டார்.

அவர் ஏன் அப்படிப் போனார் என்று நீங்கள் இரண்டு பேரும் யோசித்திருக்க மாட்டீர்கள். அது ரதிவோயேவின் கிளைடர் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் இவ்வளவு நேரம் அப்படித்தான் சொன்னேன். இரண்டு குளிர்காலம் அதன் இறக்கையின் விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்தவர் அப்பா. எங்கள் சமையலறையில், ஆலை வேலை முடிந்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு. தேய்த்த சட்டத்தைக் கன்னத்தில் வைத்து வழவழப்புப் பார்ப்பார். "தொட்டுப் பாரு" என்று என்னிடம் நீட்டுவார். நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பசையை ஒரு தயிர் டப்பாவில் கரைத்து வைத்திருப்பார். நான் அந்த நான்கு வட்டங்களை வெட்டியதும் அதிலிருந்துதான். வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, பசையை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு டப்பாவைக் கழுவித் தந்தார்.

தெரிந்துதான் செய்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இறக்கையில் உங்கள் பெயர்தான் ஒட்டியிருந்தது. அதனால் எரிந்தது உங்களுடையது என்று கணக்குப் போட்டேன். அப்பாவுக்காகத்தான் செய்தேன். அவருக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

என்ன மாமா, சாவியை மெல்ல உங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறீர்கள்? அங்கேயே இருக்கட்டும். நான் எடுக்கப் போவதில்லை. புதுப் பெட்டியும் செய்யப் போவதில்லை. நல்ல பலகைகள் இரண்டும் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றன, புதிய தயிர் டப்பா வட்டங்களோடு. என் பேட்டரிக்கு இன்று காலை அதில்தான் சார்ஜ் போட்டேன். இது நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே முடிவு செய்தது. வந்தது சொல்லிவிட்டுப் போகத்தான்.

சன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, கரிந்த இறக்கையை மடியில் போட்டுக்கொண்டு, எந்தச் சட்டம் தேறும் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "உங்கள உள்ள கூப்ட்டாங்களாப்பா?" என்று வரும்போது அவரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. இறக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்தச் சாராயத்தையும் நீங்களே குடித்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன். போகும்போது கதவு கொஞ்சம் பலமாகச் சாத்தினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் கீல்தான் சரியில்லை.